அனுஷத்தில் பிறக்காத நட்சத்திரம்

அளக்கும் அறையில் மின்விசிறி இருந்தது. போடக் கூடாது. போட்டால் மேஜை நடுங்கும், மேஜை நடுங்கினால் நுண்ணோக்கி நடுங்கும், அப்புறம் அளந்ததெல்லாம் குப்பைக்குத்தான் போகும். அதனால் அடையாற்றின் சித்திரை மாத மத்தியானத்தில், ஜன்னலையும் சாத்திக்கொண்டு, நானும் நசீமாவும் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தோம். கதவிடுக்கு வழியாக ஆற்றுச் சேற்றின் நாற்றம் வந்துகொண்டிருந்தது.

நான் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து எண்களைச் சொல்வேன். நசீமா எழுதுவாள். அவள் எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் அந்த வருஷம்தான் சேர்ந்திருந்த ஆராய்ச்சி மாணவி. ராயப்பேட்டைப் பெண், கெட்டிக்காரி. எனக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்த நாற்காலியில் அதற்கு முன்னால் சீனு உட்காருவான். சீனு என் கணவன். அவன் இறந்து ஒரு மழைக்காலம் போயிருந்தது.

கணவனைப் போய் 'அவன், இவன்' என்று எழுதுகிறாளே என்று கோபப்படுகிறவர்கள் பத்திரிகைக்குக் கடிதம் போடலாம். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவன் கோபித்துக்கொண்டதில்லை.

அன்று நட்சத்திரப் படம் எடுத்த கண்ணாடித் தட்டை முதல் தடவையாகத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு அளந்தோம். நான் ஓர் எண்ணைச் சொன்னேன். நசீமாவின் பேனா நின்றது.

"அக்கா, இன்னொரு வாட்டி பாத்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொன்னேன். அதே எண்தான். அவள் எழுதாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த எண் ஏன் என்னைக் கலக்கியது என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓடுகாலிகள்

வானத்தில் சில நட்சத்திரங்கள் மற்ற நட்சத்திரங்களைவிட மிக வேகமாக ஓடுகின்றன. தனியாக ஓடுகின்றன. பக்கத்தில் உறவு என்று சொல்ல எதுவும் இருக்காது. எங்கள் நிலையத்தில் அவற்றுக்கு நாங்கள் வைத்திருந்த செல்லப் பெயர் ஓடுகாலி. நான் சீனுவைக் கல்யாணம் செய்துகொண்டபோது என் அத்தை எனக்கு வைத்த பெயரும் அதுதான். அத்தைக்கு வானவியல் தெரியாது.

இந்த நட்சத்திரங்கள் ஏன் ஓடுகின்றன என்பதற்கு அந்தக் காலத்தில் இரண்டு கட்சி இருந்தது. நெருக்கமான கூட்டத்தில் மற்ற நட்சத்திரங்கள் இழுத்து வெளியே எற்றிவிட்டன என்றது ஒரு கட்சி. நானும் சீனுவும் இன்னொரு கட்சி. இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. பெரியது சீக்கிரம் எரிந்து தீர்ந்து, ஒரு நாள் வெடித்துச் சிதறிவிடுகிறது. அதன் இழுப்பில் கட்டுண்டு சுற்றிக்கொண்டிருந்த மற்றது, சுற்றிய அதே வேகத்தில் நேரே போய்விடுகிறது. யாரும் அதைத் துரத்துவதில்லை. பிடி விட்டுப்போகிறது, அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் என் முகத்தைப் பரிதாபமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. கூட்டங்களில் பேசப் போனால் கட்டாயம் ஒருவராவது எழுந்து, "அம்மா, உங்கள் வாழ்க்கையும்..." என்று ஆரம்பிப்பார். அந்த ஒப்பீட்டை அவரே வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். நட்சத்திரம் மறுநாள் காலையில் எழுந்து தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

சரி, எங்கள் நட்சத்திரத்துக்கு வருகிறேன். அதற்குப் பெயர் கிடையாது, அட்டவணையில் ஓர் எண் உண்டு. அது எங்கே பிறந்தது, எந்த வெடிப்பில் பிரிந்தது என்பதுதான் எங்கள் கேள்வி. விருச்சிகத்தின் தலைப்பக்கம், நாம் அனுஷம் என்று சொல்கிறோமே, அங்கே இளம் நட்சத்திரங்களின் பெரிய கூட்டம் ஒன்று இருக்கிறது. எங்கள் ஓடுகாலியின் ஊர் அதுதான் என்று சீனு நம்பினான். அவன் நம்பியதால் நானும் நம்பினேன் என்று எழுதக் கை வருகிறது. அப்படி இல்லை. நானாகவும் நம்பினேன்.

நிரூபிக்கும் வழி சொல்வதற்குச் சுலபம். எங்கள் பாட்டன்மார் காலத்தில் எடுத்த பழைய தட்டு ஒன்று, எங்கள் காலத்தில் எடுத்த புதிய தட்டு ஒன்று. இரண்டிலும் அந்த நட்சத்திரம் கரும்புள்ளியாகப் பதிந்திருக்கும். சுற்றியுள்ள மங்கலான புள்ளிகளை வைத்துப் பார்த்தால், இடைப்பட்ட வருஷங்களில் அது எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். ஒரு தலைமுடியின் கனம்கூட இருக்காது. அந்த நகர்வைப் பல லட்சம் வருஷங்களுக்குப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போக வேண்டும். இங்கே இம்மி பிசகினால் அங்கே ஊரே மாறிவிடும்.

எண்கள் ஒத்துப்போன கதை

நான் தி. நகர் ஜவுளிக்கடைக் குடும்பம். பனகல் பார்க்குக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து கடை வைத்தவர். புதுத் துணியின் கஞ்சி வாசனைதான் எனக்குத் தெரிந்த முதல் வாசனை. வீட்டில் பெண்ணைப் படிக்க வைத்தது, படித்தால் நல்ல மாப்பிள்ளை கிடைப்பான் என்பதற்காக. நான் பௌதிகம் படித்தேன், அதில் மேல்படிப்பும் படித்தேன், பிறகு அடையாறில் ஆராய்ச்சி என்று சொல்லி பஸ் ஏறினேன். மனிதன் நிலாவில் இறங்கியதற்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ இருக்கும்.

சீனு மந்தைவெளிப் பையன். வங்கியில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு அதே வருஷம் அங்கே சேர்ந்திருந்தான். எங்கள் இரண்டு பேரையும் அளக்கும் இயந்திரத்தில் உட்கார வைத்தார்கள். நுண்ணோக்கியின் நடுவே சிலந்தி நூல் போல ஒரு கோடு தெரியும். திருகைச் சுற்றி அந்தக் கோட்டைப் புள்ளியின் நட்டநடுவில் நிறுத்தி, திருகின் எண்ணைப் படிக்க வேண்டும். மங்கலான புள்ளிகள் சின்னவை, சிக்கல் இல்லை. எங்கள் நட்சத்திரமோ புதிய தட்டில் சாந்துப் பொட்டு மாதிரி பருத்துக் கிடந்தது. அதற்கு நடு எது? ஒவ்வொரு கண்ணும் ஒவ்வொரு இடத்தைச் சொல்லும். சிலருக்குக் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும், சிலருக்கு வலப்பக்கம்.

அதற்காகத்தான் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு முறை அளந்த தட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு மறுபடி அளப்பார்கள். கண் எப்போதும் இடப்பக்கமே இழுத்தாலும், திருப்பிய தட்டில் அது எதிர்ப்பக்கமாக விழும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் பிழை அடிபட்டுப்போகும்.

எங்கள் புதிய தட்டைத் திருப்ப முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தபோது அதன் ஒரு மூலை உடைந்திருந்தது. திருப்பிப் போட்டால் இயந்திரத்தின் கவ்வி சரியாக அந்த உடைந்த மூலையில் வந்து விழும், தட்டு நிற்காது. அதனால் சீனு ஒரு யோசனை சொன்னான். தட்டைத் திருப்புவதற்குப் பதிலாக ஆளை மாற்றலாம். அவன் ஒரு தடவை, நான் ஒரு தடவை, இரண்டின் சராசரி.

"ஒன் கண்ணும் என் கண்ணும் ஒரே மாதிரி தப்புப் பண்ணுமா என்ன?" என்றான்.

பண்ணவில்லை, ஆரம்பத்தில். எங்கள் எண்கள் ஒத்தே போகாது. "வடிவு, நீ ரொம்பத் தள்ளி வெக்கறே" என்பான். "ஒன் கண்ணுலதான் கோளாறு" என்பேன் நான். அவன் எழுந்து, நான் வைத்த கோட்டை எட்டிப் பார்ப்பான். நான் உட்கார்ந்து, அவன் வைத்ததைப் பார்ப்பேன். நடு என்றால் எது என்று மணிக்கணக்கில் சண்டை போடுவோம். சண்டை முடிந்ததும் இருவரும் ஒரே இடத்தில் கோட்டை நிறுத்துவோம். கான்டீன் காப்பியைக் குடிக்கப் போவோம்.

மெல்ல மெல்லச் சண்டை குறைந்தது. எண்கள் நெருங்கி வந்தன. ஒரு கட்டத்தில் அவன் எண்ணைச் சொல்லும் முன்பே எனக்கு அது என்னவாக இருக்கும் என்று தெரிந்துவிடும். இரண்டு வரிசை எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் ஒரே ஆள் எழுதியது போல இருக்கும். எவ்வளவு துல்லியம் என்று பூரித்துப்போனோம்.

காதல் வந்ததும் அந்த நாட்களில்தான். அவன் எண்ணும் என் எண்ணும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போன ஒரு சாயங்காலம், திருகிலிருந்து கையை எடுக்காமலே, "நாம கல்யாணம் பண்ணிண்டா என்ன?" என்று கேட்டான். இதைவிட நல்ல முகூர்த்தம் எனக்குத் தோன்றவில்லை.

மந்தைவெளி வீடு

பதிவுத் திருமணம். என் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. அவன் பக்கத்திலிருந்து அவன் அப்பா வந்தார். வந்து, கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, கையெழுத்துப் போட்டதும் எழுந்து போய்விட்டார்.

ரயில்வே கணக்கு இலாகாவில் ஓய்வு பெற்றவர் அவர். மனைவி இல்லை. நான் அவரையும் அப்பா என்றுதான் கூப்பிட்டேன். மந்தைவெளியில் அவருடைய இரண்டு அறை வீட்டில்தான் குடித்தனம். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனால் என் கையால் சாப்பிடவும் இல்லை. தனக்குத் தானே பொங்கிக்கொள்வார். சமையலறையில் இரண்டு ஸ்டவ். இரண்டு மண்ணெண்ணெய்ப் புகை.

அவரை என்னிடம் பேச வைத்தது அந்த நட்சத்திரம்தான். ஒரு நாள் சீனு அவரிடம், எங்கள் நட்சத்திரம் அனுஷத்துப் பக்கமிருந்து வந்ததாகக் கணக்கு சொல்கிறது என்று சொன்னான். கணக்கு முதல் வரைவில்தான் இருந்தது. பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சீனுவின் ஜன்ம நட்சத்திரம் அனுஷம்.

"நெஜமாவா? அனுஷத்துல பொறந்ததா அது?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்ப்பா."

"பாரேன்! தன் நட்சத்திரத்தைத் தானே தேடிப் புடிச்சிருக்கான்."

அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று விளக்க ஆரம்பித்த சீனுவை நான் காலால் இடித்தேன். மறுநாள் காலை பெரியவர் என்னைப் பார்த்து, "ஏம்மா வடிவு, அது அங்கேர்ந்து கெளம்பி எத்தனை காலம் ஆச்சு?" என்று கேட்டார். என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி. மயிலாப்பூர்க் கோயில் குளத்தருகே சாயங்காலம் கூடும் நண்பர்களிடம் எல்லாம் இதைச் சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. காய்கறிக்காரர்கூட என்னிடம் விசாரித்தார்.

கண் மஞ்சள்

சென்னைக்குத் தண்ணீர் இல்லாமல் போன கோடைகளில் ஒன்று அது. கிடைத்த தண்ணீரைக் குடித்தோம். சீனுவுக்கு வாய் கசந்தது, சாப்பாடு இறங்கவில்லை. வெயில் என்று நினைத்தோம். ஒரு காலை இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தவன் திரும்பி, "வடிவு, இன்னிக்கு எல்லாம் மங்கலாத் தெரியறது" என்றான். வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கண் மஞ்சளாகியிருந்தது.

கீழாநெல்லி கொடுத்தோம். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காமாலை ஈரலைத் தின்றுவிட்டது என்றார்கள். நினைவு தப்புவதற்கு முந்திய நாள், "பேப்பரை அனுப்பிடு" என்றான். "ரெண்டு பேர் பேரும் சேந்து வரணும்." வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நான் அதற்காக இன்றும் அவனைக் கோபித்துக்கொள்கிறேன்.

காரியங்கள் முடிந்த பிறகு என் அப்பா மந்தைவெளிக்கு வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. வேப்பமரத்தடியில் காரை நிறுத்தி, வெளியே நின்றுகொண்டிருந்தார். எனக்குக் கல்யாணமாகி அன்றுதான் அவரை முதல் தடவையாகப் பார்க்கிறேன். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஏட்டி, வந்துரு. ஒங்க அம்மை ஒரு வாய் திங்க மாட்டேங்கா. இனி இங்க ஒனக்கு யாரு இருக்கா?"

"ஒரு வேலை பாக்கி இருக்குப்பா. முடிச்சிட்டுத்தான் எதையும் யோசிக்கணும்."

"என்ன பிள்ள வேலை? அவனே போயிட்டான்."

"அவன் பேர்ல வர வேண்டிய வேலைப்பா."

அப்பா கையில் கொண்டுவந்திருந்த துணிப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். இரண்டு நூல் புடவைகள், சாயமில்லாத வெள்ளை. எங்கள் கடைச் சரக்குதான். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் காரில் ஏறிப் போனார்.

உள்ளே வந்தால் என் மாமனார் ஸ்டவ்வைப் பற்ற வைக்கத் தெரியாதவர் போல அதன் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அன்று நான் சமைத்தேன். அவர் சாப்பிட்டார். அதன் பிறகு தினமும் அப்படியே நடந்தது. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வீட்டில் எங்களுக்குப் பேச ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. நான் திரும்பி வந்ததும் கேட்பார்: "முடிஞ்சுதாம்மா? எப்போ அச்சாறது?"

தட்டைத் திருப்பினோம்

கட்டுரையை ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். இரண்டு பெயர்களும் இருந்தன, அவன் பெயர் முதலில். திரும்பி வந்த பதிலில் பாராட்டு இருந்தது, கூடவே ஒரு கேள்வியும். தட்டைத் திருப்பி அளக்காததற்குக் காரணம் சரிதான், இப்போதாவது அதற்கு வழி இருக்கிறதா?

நியாயமான கேள்வி. நிலையத்தின் பட்டறையில் புதுக் கவ்வி செய்து தரச் சொன்னேன். பட்டறை மேஸ்திரி உடைந்த மூலைக்குத் தோதாக ரப்பர் வைத்து ஒன்று செய்து மாட்டினார். "இன்னாம்மா, இப்ப சரியா குந்திக்கினு கீதா?" என்று கேட்டு, ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

எனக்கு ஒரு பயமும் இல்லை. பழைய எண்ணே வரும், ஒரு வரி சேர்த்து அனுப்பிவிடலாம் என்றுதான் நசீமாவைக் கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

இப்போது அந்த மத்தியானத்துக்குத் திரும்பி வந்துவிட்டோம். மங்கலான புள்ளிகளெல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன. எங்கள் நட்சத்திரம் மட்டும் நகர்ந்திருந்தது. வானத்தில் அல்ல. என் கண்ணில்.

"நசீமா, நீ உக்காரு. நான் எழுதறேன்" என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திருப்பிய தட்டை அளந்தாள். தட்டைப் பழையபடி மாற்றிப் போட்டும் அளந்தாள். அவளுடைய இரண்டு எண்களுக்கும் நடுவே ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. என்னுடைய இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம். அவளுடையதும், என் இரண்டின் பாதியும் ஒரே இடத்தைக் காட்டின.

என் கண் அந்தப் பருத்த பொட்டில் எப்போதும் ஒரு பக்கமாகவே கோட்டை வைத்திருக்கிறது. என் கண் மட்டுமா? சீனுவின் எண்கள் என் எண்களோடு ஒன்றிப்போனவை. அவன் கண்ணைத் தனியாகச் சோதிக்க இனி வழியில்லை. சோதிக்க வேண்டிய தேவையும் இல்லை. நான் எங்கே வைத்தேனோ அங்கேதான் அவனும் வைத்தான். நடு எது என்று சண்டை போட்டு, ஒருவரையொருவர் எட்டிப் பார்த்து, விட்டுக்கொடுத்து, கடைசியில் இருவரும் நடுவல்லாத ஓர் இடத்தில் வந்து சேர்ந்திருக்கிறோம். வெவ்வேறு கண்கள் வேண்டும் என்றுதான் இரண்டு பேர் உட்கார்ந்தோம். வருஷக்கணக்கில் பாடுபட்டு அதை ஒரே கண்ணாக ஆக்கிவிட்டோம்.

ஒருவரையொருவர் பிடிக்காத இரண்டு பேர் அந்த இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்காது.

நசீமா என் முன்கையில் கை வைத்தாள். "அக்கா, நான் புதுசு. எனக்கு அளக்கவே சரியா வராது. நான் பாத்தது தப்பா இருக்கும். கிழிச்சுப் போட்டுர்றேன், யாருக்கும் தெரியாது."

அவள் தப்பாக அளக்கவில்லை என்று அவளுக்கும் தெரியும்.

கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தில் புது எண்ணைப் போட்டு, பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனேன். சில நாட்கள் ஆயின. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் வீங்கியது. எங்கள் நட்சத்திரம் அனுஷத்தின் பக்கமே போகவில்லை. அது வந்த வழியில் எந்தக் கூட்டமும் இல்லை, எந்த வெடிப்பின் மிச்சமும் இல்லை. எவ்வளவு தூரம் பின்னால் போனாலும் வெறும் இருட்டுதான்.

ஒரு வரி

நிலையத்தின் டைரக்டர் நல்ல மனிதர். ஆழ்வார்பேட்டைக்காரர், மெதுவாகப் பேசுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மிஸஸ் சீனிவாசன், இந்த நட்சத்திரத்தை இப்போதைக்கு யாரும் அளக்கப் போறதில்லை. தட்டைத் திருப்ப முடியலைன்னு ஒரு வரி எழுதி அனுப்பிடலாம். அது பொய்யும் இல்லை. அவர் இருந்தப்போ திருப்ப முடியலைதானே?"

"இப்போ திருப்பியாச்சே சார்."

"எனக்காகச் சொல்லலை. அவர் பேர் வேற எதுலயும் இல்லை. இது ஒண்ணுதான்."

அது எனக்குத் தெரியாதா? யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். நிஜமாகவே யோசித்தேன். அந்த ஒரு வரியைப் பஸ்ஸில் மனதுக்குள் எழுதிப் பார்த்தேன், குளிக்கும்போது எழுதிப் பார்த்தேன். அச்சில் வந்த பக்கத்தில் அவன் பெயர் எப்படி இருக்கும் என்றும் பார்த்தேன். ஆசையாக இருந்தது. வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன்.

கடைசியில் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதி அனுப்பிவிட்டேன். நேர்மை என்ற பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம். தெரிந்துபோனதைத் தெரியாததாக்க எனக்கு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். அப்படி வருகிற அச்சில் அவன் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பருத்த பொட்டுதான் எனக்குத் தெரியும்.

தபால் பெட்டியில் போட்ட பிறகு பாலத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றேன். அடையாறு வற்றிக் கிடந்தது. எருமைகள் சேற்றில் படுத்திருந்தன. குதிப்பதற்குத் தண்ணீர் இல்லையே என்று ஒரு நினைப்பு வந்து போனதை மறைக்கப் போவதில்லை. வந்தது. பஸ்ஸும் வந்தது. ஏறிவிட்டேன்.

அன்றைய சாப்பாடு

வீட்டுக்குப் போனதும் ரசம் வைத்தேன். அப்பளம் சுட்டேன். மாமனார் கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தட்டில் சாதத்தைப் போடும் முன்பே கேட்டுவிட்டார்.

"இன்னிக்குப் போட்டியாமே தபால்ல? நசீமா வந்திருந்தா, நீ வந்தாச்சான்னு கேக்க. தபால் போடப் போயிருக்கேன்னு சொன்னா. எப்போ வருமாம் அச்சுல?"

"வராதுப்பா."

"ஏன்?"

சொன்னேன். கவ்வி, தட்டு, கண், எல்லாம் சொன்னேன். கணக்கு இலாகாவில் இருந்தவர், பிழை என்றால் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இடையில் ஒரே ஒரு தடவை, "அப்போ அனுஷம் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வேற எது?" என்றார். எதுவுமே இல்லை என்றேன்.

ரசத்தை ஊற்றினேன். அவர் பிசைய ஆரம்பித்தார். பிசைந்துகொண்டே இருந்தார். பக்கத்து வீட்டு ரேடியோவில் மாநிலச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"பேங்க் வேலையை விட்டான்" என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டே. "வேண்டாம்டான்னு சொன்னேன், கேக்கலை. மழையோ வெயிலோ, ஜுரமோ, ஒரு நாள் தப்பாம போனான். கண்ணு மஞ்சளானப்புறமும் போனான். ஒண்ணுமே இல்லைங்கறே. அப்போ அவன் தினம் அங்கே எதுக்கும்மா போனான்?"

அவர் குற்றம் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டார்.

"என்னோட உக்காந்திருக்கறதுக்குப்பா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார், சரி என்பது போல. கை தட்டிலேயே இருந்தது. எனக்கு எதிரே என் தட்டிலும் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. அன்று நாங்கள் இரண்டு பேருமே சாப்பிடவில்லை.